ஐந்தடி நான்கு அங்குலம்

ஆதாம் தொடங்கி இன்றைய தேதி வரை, தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஒரு பொருளை வாங்கிய மனிதன் ஒருவன்கூடக் கிடையாது என்றும், அந்தக் குறையைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு தன் தலையில் விழுந்திருக்கிறது என்றும் பிலவேந்திரன் அறிவித்தான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. கோயில் படியில் உட்கார்ந்திருந்த நாங்களும் சிரிக்கவில்லை. சிரித்தால் விளக்க ஆரம்பித்துவிடுவான்.

1974ஆம் வருடம். காரிமங்கலத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில் இரண்டாவது வருடமாக மழை இல்லை. பிலவேந்திரன் சேலத்தில் பி.காம். கடைசி வருடம். அதே கல்லூரியில் நான் சரித்திரம். ஆகவே நடக்கப்போவதைப் பற்றி அவனும், நடந்துபோனதைப் பற்றி நானும் பேசுவது என்று எங்களுக்குள் ஏற்பாடு. இந்தக் கதை என் பங்குக்கு வந்துவிட்டது.

அவன் வாங்கக் கிளம்பிய பொருள் ஒரு சவப்பெட்டி.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களுக்குப் பொதுவாகக் கோயிலில் ஒரு பெட்டி உண்டு. யார் இறந்தாலும் அதில் வைத்துக் கல்லறைத் தோட்டம் வரை தூக்கிப் போவார்கள். குழிக்கரையில் துணியோடு ஆளை எடுத்து இறக்கிவிட்டு, பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கோயில் பின்கட்டில் சாய்த்துவைப்பார்கள். பேருந்து போலத்தான். ஏறியவர் இறங்கிவிட வேண்டும். அந்தப் பெட்டியின் அடிப்பலகையைக் கரையான் தின்றுவிட்டது. கடைசியாகப் போனவரைக் கயிறு கட்டித்தான் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

கையில் கொஞ்சம் வசதி இருக்கும் வீட்டுக்காரர்கள் பொதுப் பெட்டியைத் தொடமாட்டார்கள். தனிப் பெட்டி செய்து அதோடு புதைப்பார்கள். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. செத்தவர் நீளத்துக்கு ஒரு குச்சி வெட்டி, வீட்டு ஆண் ஒருவன் காரிமங்கலத்துக்கு எடுத்துப் போவான். தச்சர் தீர்த்தகிரியின் பட்டறையில் அதை வைப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். அவரும் யார் என்று கேட்கமாட்டார், விலை சொல்லமாட்டார். முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு போய், அவர் சொல்வதைக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

இந்த வழக்கம்தான் பிலவேந்திரனுக்குப் பெரிய விருந்து. ஒரு தென்னங்கீற்று ஈர்க்கைக் கையில் பிடித்து, உதட்டை உள்ளே மடக்கிக்கொண்டு, கோயில் முற்றத்தில் துக்க நடை நடந்து காட்டுவான்.

"பாத்தீங்களாடா? தேவை என்னன்னா ஒரு குச்சி. விலை என்னன்னா வாயில்லாத சாமி. ஒரு கிலோ கத்திரிக்காய்க்குச் சந்தையில அரை மணி நேரம் சண்டை போடுவானுங்க. பெட்டின்னா ஊமையாயிடுவானுங்க. தீர்த்தகிரி எப்பிடிப் பொழைக்கிறாருன்னு இப்பத் தெரியுதா?"

சின்னப்பன்தான் விழுந்து விழுந்து சிரிப்பான். அவன் பெங்களூர் போகும் லாரி ஒன்றில் கிளீனர். இருபத்திரண்டு வயது. ஊருக்கு வரும் நாளெல்லாம் பிலவேந்திரனை அந்த நடையைத் திரும்ப நடக்கச் சொல்வான்.

கோயில் கமிட்டியிடம் இருந்த பணம் குறைவு. உபதேசியார் அருள்சாமி, பங்குச் சாமியாரிடம் சொல்லி, படித்த பையனாயிற்றே என்று பெட்டி வாங்கும் பொறுப்பைப் பிலவேந்திரனிடம் ஒப்படைத்தார். அவன் முதலில் மூன்று இடத்தில் விலைப்புள்ளி கேட்டான். தர்மபுரியில் ஒரு மரக்கடை. அதியமான்கோட்டையில் ஒரு தச்சர். அவர் வாழ்நாள் முழுக்க வண்டிச் சக்கரம் செய்தவர், பெட்டிக்கு அச்சு வேண்டுமா என்று கேட்டார். மூன்றாவதாகத் தீர்த்தகிரி. துணைக்கு நானும் போயிருந்தேன்.

தீர்த்தகிரி இழைப்புளியை நிறுத்தவில்லை. "குச்சி எங்கீங்க தம்பி?"

"குச்சி இல்லீங்க. சராசரி எடுக்கப்போறோம்."

"அது யாருங்க? உங்களுக்குச் சொந்தமா?"

"ஆளு இல்லீங்க. எல்லாரையும் கூட்டி வகுத்து வர்ற அளவு."

"எல்லாருமா ஒண்ணாப் போறாங்க?" என்றார். சொன்னதோடு அவருக்கு அந்த விஷயத்தில் அக்கறை தீர்ந்துவிட்டது. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மர விலையைச் சொன்னார். முழுநீளப் பலகை என்றால் ஒரு விலை. அறுவை மில்லில் மிஞ்சும் துண்டுப் பலகை என்றால் அதில் பாதி. ஆனால் துண்டு எதுவும் ஐந்தரை அடிக்கு மேல் இருக்காது.

திரும்பி வரும் வழி முழுக்கப் பிலவேந்திரன் அந்த ஐந்தரை அடியைப் பற்றியே பேசினான். பெட்டியின் உள்நீளம் ஐந்தடி நான்கு அங்குலத்துக்குள் அடங்கிவிட்டால் செலவு பாதி. ஆகவே ஊர் ஐந்தடி நான்கு அங்குலத்துக்குள் அடங்குகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு ஊரைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்டவன் அதற்கு முன்பு யாரும் இல்லை என்பதை நான் சரித்திர மாணவன் என்ற முறையில் உறுதி செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆண்கள் அத்தனை பேரையும் கோயிலின் பக்கச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினோம். பெண்கள் ஆண்களைவிடக் குட்டை என்பதால் அவர்களை அளக்கத் தேவையில்லை என்று பிலவேந்திரன் தீர்மானித்திருந்தான். தலைக்கு மேல் பலகையை வைத்து நான் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட வேண்டும். அவன் டேப் பிடிப்பான்.

ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. பெட்டி யார் அளவுக்குச் செய்யப்படுகிறதோ அவர்தான் அதில் முதலில் போவார். இதைச் சாமியார் பிரசங்கத்தில் பலமுறை கண்டித்திருக்கிறார். கண்டித்ததால் நம்பிக்கை இன்னும் உறுதிப்பட்டிருந்தது. அன்று ஒருவரும் வாயைத் திறந்து மறுக்கவில்லை. எல்லோரும் வேட்டி கட்டியிருந்தார்கள். வேட்டி ஒரு வசதியான உடை. அதற்குள் முழங்கால் என்ன செய்கிறது என்று வெளியே தெரியாது.

"நிமிந்து நில்லுடா சின்னப்பா."

"நிமிந்துதான்டா நிக்கிறேன். எங்கம்மா பெத்ததே இவ்ளோதான்."

அவன் அம்மா ராஜமேரி எதிரே வேப்பமரத்தடியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லாரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது அவன் எவ்வளவு நீளம் என்று ஊருக்கே தெரியும். சுவரில் ஐந்தடி நாலு விழுந்தது. அடுத்தவர் ஐந்தடி மூன்று. அந்த ஒரு காலைப் பொழுதில் எங்கள் ஊர் ஆண்கள் ஆளுக்கு மூன்று நான்கு அங்குலம் குறைந்துபோனார்கள். பிலவேந்திரன் சுவரில் இருந்த கோட்டை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டே போனான். எண்கள் அவன் விரும்பியபடி வந்துகொண்டிருந்தன. விரும்பியபடி வரும் எண்ணை யாரும் முழங்கால் வரை போய்ச் சோதிப்பதில்லை.

வரிசையில் கடைசி ஆள் சவுரியப்பன், பிலவேந்திரனின் அப்பா. கிணறு ஆழப்படுத்தும் வேலைக்குப் போகிறவர். பாறை உடைக்கும் தூசி நெஞ்சில் படிந்து எப்போதும் இருமிக்கொண்டிருப்பார். ஊரிலேயே உயரமானவர். வாசல் எதுவானாலும் குனிந்துதான் நுழைவார். அவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைச் சுவரோடு ஒட்டி, பாசறைச் சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"நல்லா அளந்துக்கடா. அப்புறம் பத்தலேன்னு சொல்லக் கூடாது" என்றார். மகன் ஒரு வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்கிறான் என்ற பெருமை அந்த நிற்பில் இருந்தது.

ஆறடி ஒரு அங்குலம்.

பிலவேந்திரன் எழுதினான். எழுதி, அதன் மேல் ஒரு கோடு இழுத்தான்.

"என்னடா அடிக்கிற?"

"நீங்க விதிவிலக்குப்பா. ஒரு விதிவிலக்குக்காக ஊரு பூரா முழுப்பலகை விலை குடுக்க முடியாது."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு இப்ப என்ன அவசரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். சவுரியப்பனும் சிரித்தார். சிரித்தது இருமலில் போய் முடிந்தது.

பெட்டி வந்தது. உள்நீளம் ஐந்தடி நான்கு அங்குலம். மாமரத் துண்டுப் பலகை, கறுப்புச் சாயம், நான்கு கைப்பிடி. கமிட்டிக்கு மிச்சமான பணத்தில் கோயிலுக்கு இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு வாங்கினார்கள். சாமியார் பிலவேந்திரனைப் பலிபீடத்தின் முன்னால் நிறுத்திப் பாராட்டினார். அவன் கல்லூரியில் இதைப் பற்றி ஒரு கட்டுரை படிக்கப்போவதாகச் சொன்னான்.

முதலில் போனவள் மதலேனம்மாள். எண்பது வயசுக் கிழவி, கைக்கு அடக்கமானவள். தூக்கும்போது பெட்டிக்குள் முன்னும் பின்னும் நழுவாமல் இருக்கத் தலைமாட்டில் வைக்கோல் அடைத்தோம்.

"இன்னும் குறைச்சிருக்கலாம்" என்று பிலவேந்திரன் என் காதில் சொன்னான்.

ஆடி மாதம் தொப்பூர் கணவாயில் சின்னப்பனின் லாரி கவிழ்ந்தது. டிரைவர் குதித்துத் தப்பித்துவிட்டார். சின்னப்பனை மறுநாள் மதியம் இன்னொரு லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

கோயில் பெட்டியைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார்கள். அவனைத் தூக்கி அதில் வைத்தபோது தலை ஒரு முனையில் முட்டியது, பாதம் இன்னொரு முனையில் முட்டியது, நடுவில் ஆள் மிச்சம் இருந்தான். தோளைத் தள்ளிப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் உபதேசியார் அவன் முழங்காலை மடக்கினார். மேலே போர்த்திய வெள்ளைத்துணி அந்த இடத்தில் கூடாரம் மாதிரி எழும்பி நின்றது.

கல்லறைத் தோட்டம் வரை எல்லோர் கண்ணும் அந்தக் கூடாரத்தின் மேல்தான் இருந்தது. பாட்டுப் பாடியவர்களுக்கு அடி தவறியது. ராஜமேரி பெட்டியைப் பிடித்தபடியே நடந்து வந்தாள். அவள் அழுததாக எனக்கு நினைவில்லை. பத்தடிக்கு ஒருமுறை கையை நீட்டி, மகனின் முழங்காலை மெதுவாக அழுத்தினாள். அது இறங்கும், திரும்ப எழும்பும். எழும்பியதும் மறுபடி அழுத்துவாள்.

மண் போட்டு முடித்துத் திரும்பும்போது அவள் பிலவேந்திரனின் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நாங்கள் நினைத்தோம். திட்டியிருந்தால் அவனிடம் பதில் இருந்திருக்கும்.

"அவன் வெளையாட்டுக்கு மடக்குனான் தம்பி. நீ படிச்ச புள்ள. குனிஞ்சு ஒரு தரம் பாத்திருக்கக் கூடாதா?"

அவ்வளவுதான் கேட்டாள். போய்விட்டாள்.

அன்று மாலை பிலவேந்திரன் வீட்டில் நானும் இருந்தேன். சவுரியப்பன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். கால் இரண்டும் கட்டிலைத் தாண்டி வெளியே நீண்டிருந்தன. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"என்னெ மடக்காதீங்கடா."

"என்னப்பா பேச்சு இது?"

"கெணத்துக்குள்ள பூரா நாளும் மடங்கித்தான் கெடந்திருக்கேன். வூட்டு வாசல்ல மடங்கித்தான் நொழையறேன். போறப்பவாவது நீட்டிப் போவணும். வேற ஒண்ணும் கேக்கல."

பிலவேந்திரன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான். அம்மா வேளாங்கண்ணி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். வேடிக்கை இல்லாத பிலவேந்திரனை அன்றுதான் முதலில் பார்த்தேன். முகம் கொஞ்சம் அப்பாவின் சாடையில் இருந்தது.

புரட்டாசிக்குப் பிறகு சவுரியப்பன் வேலைக்குப் போகவில்லை. தர்மபுரியில் டாக்டரிடம் காட்டினார்கள். டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நல்ல சாப்பாடு கொடுங்கள் என்றார். பஞ்ச காலத்தில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத மருந்து அது. உடம்பு வற்ற வற்ற அவர் இன்னும் நீளமாகத் தெரிந்தார்.

பிலவேந்திரன் சேலத்துக்குத் திரும்பவில்லை. நான் மட்டும் போய்வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் உபதேசியாரைப் பார்க்கப் போனான். நானும் கூடப் போனேன்.

"பெரியப்பா, பெட்டி அளவுல ஒரு தப்பு நடந்துபோச்சு. கமிட்டியில சொல்லி, முழுப்பலகையில வேற ஒண்ணு…"

அருள்சாமி நல்ல மனிதர். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "செய்யலாம் தம்பி. நான் சொன்னா கமிட்டி கேக்கும். பெட்ரோமாக்ஸைக் கூட வித்துடலாம். ஆனா ராஜமேரி கேப்பா. எம்மவனுக்கு இல்லாத நீளம் இவனோட அப்பனுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பா. அவளுக்கு யாரு பதில் சொல்றது? நீ சொல்றியா?"

பிலவேந்திரன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். திரும்பி வரும் வழியில் செலவைப் பற்றி அவன் ஒன்றும் பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, வெயில் வாசலுக்கு வந்த நேரத்தில், சவுரியப்பன் போய்விட்டார். வேளாங்கண்ணியின் குரல் கேட்டு ஊர் கூடியது. சாவு வீட்டில் யாரும் எதையும் கேட்பதில்லை. வேலைகள் தாமாக நடக்கும். இரண்டு பேர் போய்க் கோயில் பெட்டியைத் தூக்கிவந்து முற்றத்தில் வைத்தார்கள். தலைமாட்டில் மதலேனம்மாளுக்கு அடைத்த வைக்கோலில் ஒன்றிரண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் அதைப் பொறுக்கி எடுத்தார். எடுத்துவிட்டு, கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிலவேந்திரன் எழுந்தான். அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். என்ன செய்கிறான் என்று பார்க்க நான் பின்னால் போனேன். அடுத்த வீடு ராஜமேரியுடையது. அவள் வேலியோரத்தில் மூங்கில் புதர் இருந்தது. நேராக இருந்த ஒரு மூங்கிலை அடியில் வெட்டி இழுத்தான். வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் அப்பாவின் பக்கத்தில் நீட்டிவைத்தான். குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை. முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். நேராகத்தான் இருந்தது. இருந்தும் இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தான். நகத்தால் மூங்கிலில் ஒரு கீறல் போட்டுவிட்டு, வெட்டுவதற்காக வெளியே எடுத்து வந்தான்.

வாசலில் ராஜமேரி நின்றிருந்தாள். சாவுக்கு வந்தவள், இன்னும் உள்ளே நுழையவில்லை. கீறலின் மேல் அவன் அரிவாளை ஓங்கியபோது அவள் கை நீண்டு மூங்கிலைப் பிடித்தது.

"அங்க வெட்டாத. ஒரு சாண் வுட்டு வெட்டு."

அவன் அவளைப் பார்த்தான். அவள் அதற்குள் விலகி, அழுகிற பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் ஒரு சாண் விட்டு வெட்டினான்.

அன்று காரிமங்கலத்தில் சந்தை. கடலை வியாபாரியும் மாட்டுத் தரகரும் வளையல்காரரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். பிலவேந்திரன் குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடுவில் நடந்தான். குச்சியைக் கண்டதும் கூட்டம் தானாக விலகியது. துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேரம் பேசிக்கொண்டிருந்த இருவர் கையை எடுத்துவிட்டார்கள். ஒரு கிழவர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவன் உதடு உள்ளே மடங்கியிருந்தது. முற்றத்தில் எங்களுக்கு நடந்து காட்டிய நடைக்கும் இந்த நடைக்கும் ஒரு வித்தியாசம்கூடச் சொல்ல முடியாது. அவ்வளவு சரியாகத்தான் அப்போது நடித்திருக்கிறான்.

தீர்த்தகிரி பட்டறையில் ஒரு கலப்பையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிலவேந்திரன் குச்சியை அவர் முன்னால் கிடத்தினான். அவர் அவனை அடையாளம் கண்டுகொண்டார். அவர் கண் குச்சியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகப் போனது. சராசரி எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கலப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, உள்ளே போய், சுவரோரம் சாய்த்திருந்த பலகைகளில் நீளமான ஒன்றை உருவினார்.

ஒரு ஆளால் தூக்கக்கூடிய பலகை இல்லை அது. பிலவேந்திரன் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் சேர்ந்து அதை வேலை மேசை மேல் இறக்கினார்கள். தீர்த்தகிரி குச்சியை எடுத்துப் பலகை மேல் வைத்தார். அது உருண்டது. பிலவேந்திரன் குனிந்து, இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான், அவர் கோடு போட்டு முடிக்கும் வரை.